கரோங்கா வைத்த தேர்வு
ஆப்பிரிக்கக் கிராமங்களில் காசநோய்ச் சோதனையும் தடுப்பூசியும்

(சென்னையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம். மேடையில் சொன்ன சில கிளைச் செய்திகள் சுருக்கப்பட்டுள்ளன.)



அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர், "சென்னையில் உட்கார்ந்துகொண்டு காசநோயைப் பற்றிப் பேச ஆப்பிரிக்கா வரை போக வேண்டுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நோயாளி வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் படுத்திருப்பவருக்கு இணையாகக் குணமாவார் என்று 1959இல் உலகுக்குக் காட்டியது. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு அந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். அதில் முன்னின்ற வாலஸ் ஃபாக்ஸ் பின்னர் பிரிட்டன் திரும்பி, ஆய்வாளர் டெனிஸ் மிச்சிசனோடு சேர்ந்து கிழக்கு ஆப்பிரிக்காவில் சோதனைகளை நடத்தினார். ஒன்றரை ஆண்டு மருந்தை ஆறு மாதமாகக் குறைக்க முடியும் என்ற முடிவு 1972இல் அங்கிருந்துதான் வந்தது. இன்று நம் தாலுகா மருத்துவமனையில் ஆறு மாதம் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறவர், அவருக்கே தெரியாமல், கென்யா, உகாண்டா, தான்சானியா, சாம்பியா நாட்டு நோயாளிகளுக்குக் கடன்பட்டவர். ஆகவே நண்பரின் கேள்விக்கு என் பதில்: நாம் ஏற்கெனவே அங்கே போய் வந்துகொண்டுதான் இருக்கிறோம்.

ஆனால் சிகிச்சை இன்றைய பொருளல்ல. அதற்கு முந்தைய இரண்டு படிகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். நோயைக் கண்டுபிடிக்கும் சோதனை ஒன்று. வராமல் தடுக்கும் ஊசி மற்றொன்று. இவை பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாக ஒரு சதவீதத்தைச் சொல்லித் தொடங்குகிறோம். இந்தச் சோதனை இத்தனை சதவீதம் துல்லியம், இந்த ஊசி இத்தனை சதவீதம் காக்கும் என்கிறோம், ஏதோ அந்த எண் பொருளோடு கூடப்பிறந்தது போல. நான் சொல்ல வந்தது இதுதான்: அந்த எண் ஊசிக்கோ கருவிக்கோ சொந்தமானதல்ல, அது அளக்கப்பட்ட ஊருக்குச் சொந்தம். ஊர் மாறினால் எண் மாறும். இதை மிகத் தெளிவாகவும், மிகுந்த விலை கொடுத்தும் காட்டிய இடங்கள் ஆப்பிரிக்கக் கிராமங்கள். உதவி கடைசியாக வந்து சேரும் இடங்களாகவே அவற்றை எழுதுவது வழக்கம். என் கணக்கில் அவை தேர்வு எழுதிய ஊர்கள் அல்ல, தேர்வு வைத்த ஊர்கள்.

1. ஒரே ஊசி, இரண்டு நோய்

மலாவி நாட்டின் வடகோடியில், ஏரிக்கரையை ஒட்டிக் கிடக்கிறது கரோங்கா மாவட்டம். நெல், மரவள்ளி, மீன்பிடிப்பு ஆகியவைதான் பிழைப்பு. 1979இல் அங்கே ஒரு தொழுநோய் ஆய்வுத் திட்டம் தொடங்கியது. அதை நடத்தியவர்கள்: களத்தில் பொன்னிக்ஹாஸ், லண்டனிலிருந்து பால் ஃபைன். வீடுவீடாகப் போய் மாவட்டத்தையே பதிவுசெய்தார்கள்.

அந்தத் திட்டம் பின்னர் சோதித்த பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியின் பின்கதை முதலில் கொஞ்சம். பிரான்சின் லில் நகரில் கால்மெட்டும் கெரானும் மாட்டுக் காசநோய்க் கிருமியை 1908 முதல் 13 ஆண்டுகள், 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து அதன் வீரியத்தைப் போக்கினார்கள். 1921இல் பாரிசில் ஒரு குழந்தைக்கு முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது. பிரிட்டனில் 1950இல் தொடங்கிய சோதனையில் சுமார் 54,000 பள்ளிப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். முக்கால் பங்குக்கும் மேல் பாதுகாப்பு. போதாதா? உலகம் முழுக்கப் போட்டுவிடலாம் என்ற நம்பிக்கை பிறந்தது.

1968இல் நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய சோதனை அந்த நம்பிக்கையைக் குலைத்தது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற அந்தச் சோதனையின் முதல் முடிவுகள் 1979-80இல் வெளிவந்தன. பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் பி.சி.ஜி.க்கும் மருந்தில்லாத ஊசிக்கும் வேறுபாடு தெரியவில்லை. கணக்கில் தவறா, மருந்தில் குறையா, நம் ஊர்க் கிருமி வேறா என்று உலகெங்கும் வாதம் நடந்தது. செங்கல்பட்டு ஒரு விதிவிலக்கு என்று ஒதுக்கிவைக்கவும் பலர் தயாராக இருந்தார்கள்.

அதைச் செய்யவிடாமல் தடுத்தது கரோங்கா. 1986 முதல் 1989 வரை அங்கே 1,20,000 பேருக்கும் மேற்பட்டோர் சோதனையில் சேர்க்கப்பட்டார்கள். ஒவ்வொருவரின் மேற்கையையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார்கள். பழைய பி.சி.ஜி. தழும்பு இருக்கிறதா? இல்லையென்றால் ஊசி. இருந்தால் குலுக்கல் முறையில் மூன்றில் ஒன்று: இரண்டாவது பி.சி.ஜி., அல்லது அதனோடு கொல்லப்பட்ட தொழுநோய்க் கிருமி கலந்தது, அல்லது மருந்தில்லாத போலி ஊசி. 1996இல் முடிவு வந்தது. இரண்டாவது பி.சி.ஜி. போட்டுக்கொண்டவர்களிடம் தொழுநோய் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. காசநோயில் எந்தப் பயனும் இல்லை. 30 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தும் மொத்தக் கணக்கு மாறவில்லை.

இதன் அழுத்தத்தைக் கவனியுங்கள். ஊசி கெட்டுப்போயிருந்தது, வெயிலில் காய்ந்தது, போட்டவருக்குப் போடத் தெரியவில்லை என்ற சமாதானம் எதுவும் இங்கே செல்லாது. அதே குப்பி, அதே கை, அதே நாள். ஒரு நோயைப் பாதி தடுக்கிறது, அதன் உறவுக்கார நோயை விட்டுவிடுகிறது. பின் எதைக் குறை சொல்வது?

2002இல் ஒரு விடை வந்தது. பிரிட்டன் இளைஞர்களையும் கரோங்கா இளைஞர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஊசிக்கு முன்னும் பின்னும் இரத்தத்தில் நோயெதிர்ப்பை அளந்தார்கள். பிரிட்டன் பிள்ளைகளிடம் ஊசிக்குப் பின் அது நன்கு எகிறியது. மலாவிப் பிள்ளைகளிடம் ஊசிக்கு முன்பே ஓரளவு எதிர்ப்பு இருந்தது. ஊசி அதில் சேர்த்தது கொஞ்சம்தான். காசநோய்க் கிருமிக்கு ஒன்றுவிட்ட உறவான எத்தனையோ கிருமிகள் மண்ணிலும் குளத்திலும் வாழ்கின்றன. வெறுங்காலோடு வயலில் நடந்து, ஏரித் தண்ணீர் குடித்து வளர்ந்த உடம்பு அவற்றை முன்பே சந்தித்திருக்கிறது. முழு விளக்கம் இதுதானா என்றால், இல்லை. மண்ணையே மிதிக்காத கைக்குழந்தைகளிடமும் இரு நாடுகளுக்கிடையே வேறுபாடு இருப்பதைப் பிந்தைய ஆய்வுகள் காட்டின. தாயின் உடல், பிறப்பெடை, ஊசி போடும் வயது என்று பட்டியல் நீள்கிறது.

"ஆப்பிரிக்காவில் பி.சி.ஜி. தோற்றது" என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. குழந்தைகளின் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயையும் உடலெங்கும் பரவும் வகையையும் அது முக்கால் பங்கு வரை தடுக்கிறது. தோற்றது பிரிட்டனின் சதவீதம்தான்.

2. பன்னிரண்டு குழந்தைகள் சேரும் வரை

குழந்தைக்கு பி.சி.ஜி. பயன்படும் என்றால், பிறந்தவுடன் போட வேண்டும். காசநோய் மிகுந்த நாடுகளின் அட்டவணைகளில் அப்படித்தான் அச்சிட்டிருக்கிறது. நடப்பதைப் பார்க்கலாம்.

பி.சி.ஜி. உலர்த்திய பொடியாக, வெளிச்சம் தாங்காததால் நிறக் கண்ணாடிக் குப்பியில் வருகிறது. ஒரு குப்பியில் 20 குழந்தைகளுக்கான மருந்து. அதற்கென்று வரும் கரைநீரை ஊற்றிக் கலக்கிவிட்டால் 6 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். பச்சிளம் குழந்தைக்கு அளவு 0.05 மில்லி. அதைத் தசையில் போடக்கூடாது. தோலின் அடுக்குக்குள்ளேயே போட வேண்டும். செவிலியர் குழந்தையின் மேற்கைத் தோலை இழுத்துப் பிடித்து, ஊசியைக் கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில் செருகுவார். சரியாக விழுந்தால் அந்த இடம் வெளிறி, மயிர்க்கால் குழிகள் தெரியப் பயறளவுக்கு உப்பும். உப்பவில்லை என்றால் மருந்து ஆழமாகப் போய்விட்டது என்று அர்த்தம். வீறிடும் இரண்டு கிலோ உயிரின் கையில் இதைச் செய்வது கைப்பழக்கம் வேண்டிய வேலை.

இப்போது மேற்கு ஆப்பிரிக்காவின் கினி-பிசாவுக்கு வாருங்கள். கிராமப்புறச் சுகாதார நிலையத்தில் ஊசி நாள். குழந்தையைத் துணியால் முதுகில் கட்டிக்கொண்டு தாய் நடந்து வந்திருக்கிறார். அன்று வந்தவை ஆறே குழந்தைகள். பத்துப் பன்னிரண்டு கைக்குழந்தைகள் சேர்ந்தால்தான் குப்பியைத் திறப்பது என்பது அங்கு நெடுங்காலம் இருந்த நடைமுறை. பதினான்கு பேருக்கான மருந்தை வீணாக்கக் கூடாதல்லவா? அடுத்த முறை வரச் சொல்வார்கள். தாய் திரும்பி நடக்கிறார். அங்கே 1978 முதல் இயங்கும் பாந்திம் சுகாதாரத் திட்டத்தினர் இதைக் கணக்கெடுத்தார்கள். ஒரு வயது முடிவதற்குள் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு பி.சி.ஜி. கிடைத்துவிட்டிருந்தது, ஒரு மாத வயதில் பார்த்தால் பத்தில் நான்கு பேருக்குக்கூட இல்லை. நாட்டின் ஆண்டறிக்கையில் ஏறுவது முதல் எண்தான்.

இந்த ஒரு மாதத் தாமதம் அப்படி என்ன செய்துவிடும்? பீட்டர் ஆபி தலைமையிலான அதே குழு, எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்தவுடன் பி.சி.ஜி. போட்டால் என்னாகும் என்று குலுக்கல் முறையில் சோதித்தது. மூன்று சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது முதல் மாத இறப்பு 38 சதவீதம் குறைந்திருந்தது. அந்த வயதில் காசநோயால் இறப்பவர்கள் அரிது. சீழ்ப்பிடிப்பு, மூச்சுப்பாதைத் தொற்று போன்ற வேறு காரணங்களால் நேரும் சாவுகள் குறைந்தன. அங்கே பயன்பட்டது டென்மார்க் வகை பி.சி.ஜி. தென்னிந்தியாவில் ரஷ்ய வகையைக் கொண்டு நடந்த சோதனைகளில் இந்தப் பயன் தெரியவில்லை. மறுபடியும் அதே பாடம்தான். கினி-பிசாவின் எண்ணைப் பெயர்த்து இங்கே ஒட்ட முடியாது.

ஆனால் கினி-பிசாவில் அந்த எண் உண்மை. அங்கே ஒரு முழுக் குப்பியின் விலை ஒன்றிரண்டு டாலர். அதை மிச்சம் பிடிக்கத்தான் தாயைத் திருப்பி அனுப்பினார்கள். சிக்கனம் என்ற பெயரில் நடக்கும் மூடத்தனங்களில் இதற்குத் தனியிடம் கொடுப்பேன்.

3. இரண்டு மணி நேர இயந்திரம்

சோதனைக்கு வருகிறேன். ராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் கிருமியைக் காட்டினார். அதற்கடுத்த நூறாண்டுக்கும் மேலாக ஆப்பிரிக்கக் கிராமத்தின் ஒரே கருவி நுண்ணோக்கிதான். சளியைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து, சிவப்புச் சாயம் ஏற்றி, அமிலத்தில் கழுவி, நீலப் பின்னணியில் சிவப்புக் கோடுகளைத் தேட வேண்டும். ஒரு மில்லி சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் கண்ணில் படும். எச்.ஐ.வி. தொற்றுள்ளவரின் நுரையீரலில் பெரும்பாலும் குழி விழுவதில்லை. ஆகவே சளியில் கிருமியும் குறைவு. தெற்கு, கிழக்கு ஆப்பிரிக்காவில் எச்.ஐ.வி. பரவிய ஆண்டுகளில், மிகவும் நோயுற்றவர்களுக்கே 'இல்லை' என்று முடிவு வந்தது.

2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஜீன்எக்ஸ்பர்ட் கருவியைப் பரிந்துரைத்தது. மில்லிக்குச் சுமார் 130 கிருமி இருந்தாலே போதும். இரண்டு மணி நேரத்தில் முடிவு. ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கிருமி பணியுமா என்பதையும் சேர்த்துச் சொல்லும். நுண்ணோக்கி தவறவிட்ட நோயாளிகளில் பத்தில் ஏழு பேரை ஒரே சோதனையில் பிடித்தது. சாதனைதான், மறுப்பதற்கில்லை.

தென்னாப்பிரிக்கா அதை நாடு முழுக்கக் கொண்டுவந்தது. அப்படிக் கொண்டுவரும்போதே, பாதி ஆய்வகங்களுக்கு இயந்திரமும் பாதிக்கு நுண்ணோக்கியும் என்று குலுக்கிப் போட்டு ஒப்பிட்டார்கள். 2015இல் வெளியான முடிவு: ஆறு மாதத்தில் இறந்தோர் விகிதத்தில், புள்ளியியல் ஏற்கும் அளவுக்கு வேறுபாடு இல்லை. துல்லியம் கூடியும் சாவு ஏன் குறையவில்லை? காரணங்கள் சாதாரணமானவை. முடிவு 'இல்லை' என்று வந்தாலும் அனுபவமுள்ள மருத்துவர்கள் எக்ஸ்ரேயைப் பார்த்து முன்பே மருந்து தொடங்கிக்கொண்டிருந்தார்கள். இயந்திரம் நகர ஆய்வகத்தில் இருந்தது. சளி பயணம் செய்தது. தாள் திரும்பி வந்தபோது ஆள் வரவில்லை. 'இரண்டு மணி நேரம்' என்பது இயந்திரத்துக்குள் கழியும் நேரம் மட்டுமே.

இன்னொன்று, சளி மாதிரியை இட்டு இயந்திரத்தில் செருகும் கார்ட்ரிட்ஜை 28 டிகிரிக்கு மேல் வைக்கக்கூடாது. சென்னையில் இருக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தடையற்ற மின்சாரம் வேண்டும், ஆண்டுதோறும் அளவைச் சரிபார்க்க வேண்டும். ஒரு கார்ட்ரிட்ஜ் 10 டாலருக்குச் சற்றுக் குறைவாகவே பத்தாண்டுக்கும் மேல் நின்று, நோயாளி அமைப்புகள் போராடிய பின் 2023இல்தான் 8 டாலருக்குக் கீழே இறங்கியது.

(தான்சானியாவின் மொரோகோரோவில் சளியை முகர்ந்து காசநோயைக் கண்டறியப் பழக்கப்பட்ட பெரிய எலிகளைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். 20 நிமிடத்தில் நூறு மாதிரிகளை முகர்ந்துவிடும். பத்திரிகைகளுக்கு அவற்றின் மேல் தீராக் காதல், எனக்கும் பிடிக்கும். மருத்துவமனை தவறவிட்ட பலரை அவை பிடித்துக்கொடுத்திருக்கின்றன. ஆய்வகம் உறுதிசெய்த பிறகே சிகிச்சை. ஆனால் எலியும் சளி தன்னைத் தேடி வரும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.)

4. துகேலா ஃபெரி

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நேட்டால் மாகாணத்தில் துகேலா ஃபெரி என்ற சிற்றூரில் ஒரு மாவட்ட மருத்துவமனை இருக்கிறது. 2005 ஜனவரி முதல் 2006 மார்ச் வரை அங்கே, வழக்கத்துக்கு மாறாக, காசநோய் சந்தேகம் உள்ளவர்களின் சளியையெல்லாம் வளர்ப்புச் சோதனைக்கும் மருந்தெதிர்ப்புச் சோதனைக்கும் அனுப்பினார்கள். முன்பே சிகிச்சை பெற்றுத் தோற்றவர்களுக்கு மட்டும் அந்தச் சோதனை என்பதுதான் பொதுவிதி. வளர்ப்புச் சோதனையில் 542 பேருக்கு நோய் உறுதியானது. அவர்களில் 221 பேருக்குக் காசநோயின் முக்கிய மருந்துகள் இரண்டும் பலிக்காது. அவர்களிலும் 53 பேருக்கு ஏறக்குறைய எந்த மருந்தும் பலிக்காது.

அந்த 53 பேரில் 52 பேர் இறந்தார்கள். சளி கொடுத்த நாளிலிருந்து பாதிப்பேர் 16 நாள்கூடத் தாண்டவில்லை. கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு வாரக்கணக்கில் ஆகும். ஆகவே சோதனை முடிவு பெரும்பாலும் இறந்தவரின் பெயருக்குத்தான் வந்தது. எச்.ஐ.வி. சோதனை செய்யப்பட்ட 44 பேருக்கும் அது இருந்தது. பாதிக்கும் மேற்பட்டோர் அதற்கு முன் காசநோய் மருந்தே சாப்பிட்டதில்லை. மருந்தைப் பாதியில் நிறுத்தியதால் வந்த வினை என்று அவர்கள் மேல் பழி போட முடியாது. ஏற்கெனவே மருந்துக்குப் பணியாத கிருமியை வேறொருவரிடமிருந்து, பலரும் மருத்துவமனை வார்டிலேயே, வாங்கிக்கொண்டவர்கள்.

அந்தக் கொடிய வகை துகேலா ஃபெரியில் மட்டும் இருந்ததா? இல்லை. அங்கே தேடினார்கள், கிடைத்தது. விதியை மீறி எல்லாரையும் சோதித்த ஒரு கிராமப்புற மருத்துவமனை சொன்ன பிறகு பல நாடுகள் தம் ஆய்வகங்களைத் திறந்து பார்த்தன.

5. இருமாதவர்கள்

சோதனையை யாருக்குச் செய்வது? உலகெங்கும் நான்கு கேள்விகள்: இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா, இரவில் வியர்க்கிறதா. நான்குக்கும் 'இல்லை' என்றால் போகலாம்.

தென்னாப்பிரிக்கா 2017 முதல் 2019 வரை நடத்திய முதல் தேசியக் காசநோய்ப் பரவல் ஆய்வில், கேள்விகளோடு நிறுத்தாமல் எல்லாருக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். கிருமி உறுதியானவர்களில் 57.8 சதவீதத்தினர் அந்தக் கேள்விகளுக்கு 'இல்லை' என்று சொன்னவர்கள். அதே காலத்தில் குவாசுலு-நேட்டாலின் வடக்கில், உம்கன்யாகூடே என்ற ஏழை மாவட்டத்தில், வுகுசாசி என்ற ஆய்வு சுமார் 18,000 பேரைக் கூடாரம் போட்டுச் சோதித்தது. அங்கேயும் நோய் உறுதியானவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறி இல்லை. மருத்துவமனைக்கு வருகிறவர்களை வைத்து நாம் கட்டிய நோயின் உருவம், ஊரின் நோய்க்குப் பொருந்தவில்லை.

இன்னொன்றும் தெரிந்தது. ஆண்களிடம் நோய் அதிகம், சோதனைக்கு வருவது குறைவு. இதற்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு. 1886இல் விட்வாட்டர்ஸ்ராண்டில் தங்கம் கிடைத்தது முதல் லெசோத்தோ, மொசாம்பிக், மலாவி, கிழக்குக் கேப் என்று நாலாபுறக் கிராமங்களிலிருந்தும் ஆண்கள் சுரங்கத்துக்குப் போனார்கள். பாறைத்தூசி நுரையீரலை அரித்தது. நெரிசலான விடுதி கிருமியைக் கொடுத்தது. நோயுற்றவரை நிர்வாகம் ஊருக்கு அனுப்பிவைத்தது. காசநோய் கிராமங்களுக்குப் பரவிய இந்த வழியை வரலாற்றாசிரியர் ராண்டல் பேக்கர்ட் 1989இல் ஒரு நூலாகவே எழுதினார். பாறைத்தூசி நோய்க்கும் காசநோய்க்கும் இழப்பீடாக 500 கோடி ராண்ட் அளவிலான உடன்பாட்டை 2019இல் நீதிமன்றம் ஏற்றது. பணம் கிடைக்க மருத்துவச் சான்று வேண்டும். நுரையீரலைப் படம் எடுக்கும் இடமோ முன்னாள் தொழிலாளியின் ஊரிலிருந்து பல மணி நேரப் பயணம். சோதனை என்பது இங்கே சிகிச்சைக்கு மட்டுமல்ல, கணக்குத் தீர்க்கவும் வேண்டியிருக்கிறது.

6. சிதாமாவின் கண்ணாடிச் சில்லு

எத்தியோப்பியா 2003 முதல் கிராமந்தோறும் சுமார் 5,000 பேருக்கு இரண்டு சுகாதாரப் பணியாளர்களை நியமித்தது. ஏறக்குறைய எல்லாரும் பெண்கள், அநேகமாக அதே ஊரார், ஓராண்டுப் பயிற்சி, அரசுச் சம்பளம். தொண்டு என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்பாமல் சம்பளம் கொடுத்ததை நான் அடிக்கோடிட்டுச் சொல்ல விரும்புகிறேன்.

நாட்டின் தெற்கே சிதாமா பகுதியில் 2010 முதல் இந்தப் பெண்கள் வீடுவீடாகப் போய், இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவர்களைத் தேடினார்கள். சளியை அங்கேயே வாங்கினார்கள். குப்பியை நகரத்துக்கு அனுப்பாமல், கண்ணாடிச் சில்லில் தாங்களே தேய்த்து, காயவைத்து, சூட்டில் பதித்துவிட்டார்கள். மேற்பார்வையாளர் மோட்டார் சைக்கிளில் வந்து சில்லுகளை ஆய்வகத்துக்கு எடுத்துப் போவார். நோய் உறுதியானால் மருந்தும் வீட்டுக்கே வரும். முதல் ஒன்றேகால் ஆண்டுக்குள், சளியில் கிருமி உறுதியான நோயாளிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பானது. பெண்கள், முதியவர்கள் என்று வழக்கமாக மருத்துவமனை வாசலை மிதிக்காதவர்கள் கணக்கில் வந்தார்கள்.

சில்லைப் பற்றி ஒரு வார்த்தை. காய்ந்த சில்லு சிந்தாது, வெயிலில் கெடாது, இரண்டு மூன்று நாள் பெட்டியில் கிடந்தாலும் படிக்கலாம். ஜீன்எக்ஸ்பர்ட்டுக்கோ ஈரச் சளி வேண்டும்; மூடி இறுகி, குளிர்ச்சி குறையாமல், சீக்கிரம் போய்ச் சேர வேண்டும். துல்லியத்தில் பின்தங்கிய பழைய முறை பயணத்தில் முந்துகிறது. மேசையில் வைத்து இரண்டையும் ஒப்பிடுகிறவருக்கு இது தெரியவே தெரியாது. பழைய முறைக்கே திரும்ப வேண்டும் என்று சொல்ல வரவில்லை. எந்தப் புதிய சோதனையையும் வாங்கும் முன், அதன் மாதிரி மோட்டார் சைக்கிளில் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேட்க வேண்டும் என்கிறேன். எச்.ஐ.வி. முற்றியவரின் சிறுநீரில் 25 நிமிடத்தில் பார்க்கும் பட்டைச் சோதனையும், சளி துப்பத் தெரியாத குழந்தையின் மலத்தை எளிதாகப் பக்குவப்படுத்திச் சோதிக்கும் முறையும் அப்படிக் கேட்டதன் விளைவுகள்தாம். பின்னது எத்தியோப்பியாவில் உருவானது.

2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது, ஆய்வகப் பணிகள் குலைந்து, மாதிரிகளைக் கொண்டுசெல்வது தாமதமாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் மார்ச் மாதத்திலேயே எச்சரித்தது. இயந்திரங்கள் அங்கேதான் இருந்தன, மாதிரிகளின் பயணம்தான் தடைப்பட்டது.

7. அடுத்த ஊசி

இறுதியாக, வரப்போகும் தடுப்பூசி. எம்72 என்று அதற்குப் பெயர். கென்யா, சாம்பியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் 3,500க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் சோதித்ததில், மூன்றாண்டில் நோய் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது என்று 2019இல் அறிவித்தார்கள். 20,000 பேர் வரை சேர்க்கத் திட்டமிட்ட இறுதிக்கட்டச் சோதனை 2024 மார்ச்சில் தொடங்கியது. அந்த மூன்று நாடுகளோடு இம்முறை மலாவியும் மொசாம்பிக்கும் உண்டு. ஆசியாவிலிருந்து இந்தோனேசியாவும் வியட்நாமும்.

'பாதி' என்ற அந்த எண்ணை நான் மதிக்கிறேன். ஆனால் அது யாருடைய பாதி? எச்.ஐ.வி. இல்லாதவர்கள், இரத்தச் சோதனையில் கிருமி உள்ளே உறங்குவது தெரிந்தவர்கள், மாதம் ஒன்றாக இரண்டு ஊசிக்கும் தவறாமல் வந்தவர்கள். ஏழு நாடுகளிலிருந்தும் ஒரே எண் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மேற்குக் கேப் மாகாணப் பதின்வயதினருக்கு இரண்டாவது பி.சி.ஜி. போட்டால், நிலைத்த தொற்று 45 சதவீதம் குறைகிறது என்று 2018இல் ஒரு நம்பிக்கை எழுந்தது. பெரிய சோதனையில் அது நிலைக்கவில்லை என்று 2025இல் தெரிந்தது. கரோங்காவை மறக்காதவர்களுக்கு அதில் வியப்பில்லை.

எம்72 தேறிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அது கைக்குழந்தைக்கானதல்ல, பதின்வயதினருக்கும் பெரியவர்களுக்குமானது. கிராமப்புற ஆப்பிரிக்காவின் ஊசி ஏற்பாடு முழுவதும் தாயையும் குழந்தையையும் சுற்றிக் கட்டப்பட்டது. ருவாண்டா 2011இல் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியைப் பள்ளிக்கூடம் வழியாகச் சிறுமிகளில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் கொண்டுசேர்த்தது. அது ஒரு வழி. பள்ளியை விட்டுப் பண்ணைக்கும் சுரங்கத்துக்கும் போய்விட்ட இருபது வயது ஆணுக்கு அந்த வழி உதவாது. அவர்களைத் தேடிப் பிடிக்கவே முடியாது என்கிறவர்களிடம் நான் ஒன்றைக் காட்டுவதுண்டு. எச்.ஐ.வி. தடுப்புக்காக 2007க்குப் பின் கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்காவின் 15 நாடுகளில் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட ஆண்கள் தாமாக முன்வந்து சுன்னத்து செய்துகொண்டார்கள். சுகாதாரப் பணியாளர்கள் சந்தையருகே கூடாரம் போட்டார்கள், அறுவடை முடிந்த மாதத்தில் வந்தார்கள், அந்த ஆண்கள் மதிக்கும் ஊர்த்தலைவரை முதலில் பேசவைத்தார்கள். ஓர் ஊசிக்குக் கையை நீட்டுவதைவிட அது எவ்வளவு பெரிய காரியம் என்பதை இந்த அவையிலுள்ள ஆண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.